68,000 டாலர் வீடு பார்க்கப் போன கதை

வருடா வருடம் வீட்டு வாடகை ஏறும்போதெல்லாம் நான் செய்கிற ஒரு காரியம் உண்டு. ராத்திரி பதினோரு மணிக்குப் படுத்துக்கொண்டு போனில் ஜில்லோவைத் திறந்து, மேற்குப் பென்சில்வேனியாவில் வீட்டு விலை பார்ப்பது. மூன்று படுக்கையறை, முன்பக்கம் நம் திண்ணை மாதிரி ஒரு போர்ச், பின்னால் பெரிய மேப்பிள் மரம், விலை 68,000 டாலர். நாங்கள் இருக்கும் நியூ ஜெர்சியின் எடிசனில் அது முன்பணத்துக்கே போதுமா என்பது சந்தேகம். ஒருநாள் என் மனைவி எட்டிப் பார்த்துவிட்டு, "ஏங்க, பிட்ஸ்பர்க் பெருமாள் கோயிலுக்குப் போகணும்னு ரெண்டு வருஷமா சொல்றீங்க. போற வழிதானே, இந்த வீட்டையும் பார்த்துட்டு வந்துடலாம், அப்பவாவது இந்தப் பைத்தியம் தெளியுதான்னு பார்ப்போம்" என்றாள்.

சனிக்கிழமை விடியற்காலை ஐந்து மணிக்குக் கிளம்பினோம். பென்சில்வேனியா டர்ன்பைக் என்ற சுங்கச் சாலையில் நாலு மலைக் குகைகளைத் தாண்டி சாமர்செட்டில் இறங்கி, 219-ஆம் எண் சாலையில் வடக்கே திரும்பினால் ஜான்ஸ்டவுன்.

ஊருக்குள் இறங்கும்போது முதலில் கண்ணில் படுவது மலைச்சரிவில் ஏறும் தண்டவாளம், இன்க்ளைன்ட் பிளேன் என்கிறார்கள், 1891-ல் கட்டியது. நான் ஏதோ சுற்றுலாவுக்காகப் போட்டது என்று நினைத்தேன். இல்லை. இரண்டு ஆறுகள் சேரும் பள்ளத்தாக்கில் இருக்கும் ஊர் இது. 1889 மே 31-ஆம் தேதி, மேலே பதினாலு மைல் தள்ளி பிட்ஸ்பர்க் பணக்காரர்களின் மீன்பிடி கிளப்புக்குச் சொந்தமாக இருந்த அணை உடைந்து, 2,209 பேர் செத்துப்போனார்கள். அதற்குப் பிறகு ஜனங்கள் மேலே வெஸ்ட்மாண்ட் மலையில் குடியேறத்தான் இந்தத் தண்டவாளம். 1936-ல் மறுபடி வெள்ளம். அப்புறம் ராணுவப் பொறியாளர்கள் ஆற்றுக்கு இருபுறமும் கான்கிரீட் சுவர் கட்டினார்கள், இனி இந்த ஊரில் வெள்ளமே வராது என்று பேச்சு. 1977-ல் வந்தது. எண்பது பேருக்கு மேல் போனார்கள். அந்த நேரத்தில் எஃகுத் தொழிலும் ஆட்டம் கண்டிருந்தது. 1992-ல் பெத்லஹேம் ஸ்டீல் இங்கே மொத்தமாக மூடியது. 1920-ல் 67,000 பேர் இருந்த ஊரில் 2020 கணக்கெடுப்பின்படி 18,411 பேர். வீடு ஏன் மலிவு என்பதற்கு வேறு விளக்கமே தேவையில்லை.

வீட்டைக் காட்ட வந்த ஏஜென்ட் அம்மா இதே ஊரில் பிறந்து வளர்ந்தவர், நாங்கள் கேட்காமலே உண்மையைச் சொல்கிற ரகம். வீடு நன்றாகவே இருந்தது, அதைச் சொல்லியாக வேண்டும். ஓக் மரத் தரை, கதவு நிலையெல்லாம் அந்தக்கால வேலைப்பாடு. பேஸ்மென்ட்டுக்கு இறங்கினால் நடுத்தரையில், சுவரில்லை, கதவில்லை, ஒரு கழிப்பறைக் கோப்பை மட்டும் தனியாக உட்கார்ந்திருக்கிறது. என் மனைவி என்னைப் பார்க்க, நான் ஏஜென்ட்டைப் பார்க்க, அவர் சிரித்துவிட்டார். இதற்குப் 'பிட்ஸ்பர்க் டாய்லெட்' என்றே பெயராம். ஆலையிலிருந்து கரியும் அழுக்குமாக வருகிறவர் பின்வாசல் வழியாக நேரே கீழே இறங்கிக் கழுவிக்கொண்டு மேலே வருவாராம். சாக்கடை எதிர்த்து ஏறினால் மேல்மாடிக்கு வராமல் இதோடு நிற்கட்டும் என்றுதான் வைத்தார்கள் என்பாரும் உண்டு. எது உண்மையோ, வீட்டில் எனக்கு ரொம்பப் பிடித்த இடம் அதுதான்.

"இந்த வீட்டுக்குச் சுவரையும் தரையையும் பார்த்துப் பிரயோஜனம் இல்லை, கண்ணுக்குத் தெரியாததைக் கேளுங்கள்" என்றார் அந்த அம்மா. கழிவுநீர்க் குழாய் வீட்டிலிருந்து தெருவரைக்கும் உங்கள் பொறுப்பு, பழைய சுட்டமண் குழாயாக இருந்தால் வேர் நுழைந்திருக்கும், கேமரா விட்டுப் பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். மண்ணிலிருந்து வீட்டுக்குள் கசிந்து நுரையீரலைக் கெடுக்கும் ரேடான் வாயு இந்த மாநிலத்தில் அதிகம், சோதனையில் லிட்டருக்கு 4 பிக்கோகியூரி அல்லது அதற்கு மேல் வந்தால் குழாயும் விசிறியும் வைத்து வெளியேற்ற வேண்டும். 1978-க்கு முந்தைய வீடு என்பதால் ஈயம் கலந்த பெயின்ட் இருக்கலாம், விற்கிறவர் தமக்குத் தெரிந்ததை எழுதிக் கொடுக்க வேண்டும் என்று சட்டம். வெள்ள அபாய வரைபடத்துக்குள் வீடு வந்தால், வங்கிக் கடன் வாங்குகிறவர் அநேகமாக வெள்ளக் காப்பீடும் எடுத்தே தீரவேண்டும்.

நான் கெட்டிக்காரத்தனமாக, "அப்படியானால் மலைமேல் வெஸ்ட்மாண்ட்டில் வாங்கிவிட்டால்?" என்றேன். விலை அங்கே கூடுதல், அது ஒருபுறம். அந்த மலைக்கு அடியில் நிலக்கரிச் சுரங்கம் இருந்தது, 1902-ல் அதில் வெடிவிபத்து நடந்து 112 பேர் இறந்தார்கள். கீழே இருந்தால் தண்ணீர், மேலே போனால் தரைக்கடியில் பொந்து. பென்சில்வேனியாவில் கைவிட்ட சுரங்கங்களுக்கு மேல் சுமார் 10 லட்சம் வீடுகள் நிற்கின்றன. நிலம் உள்வாங்கினால் சாதாரண வீட்டுக் காப்பீடு ஒரு காசு தராது, அதற்கென்று மாநில அரசே தனியாக ஒரு காப்பீடு நடத்துகிறது. பிரீமியம் ஒன்றும் பெரிதில்லை, தெரியாமல் விடுகிறவர்கள்தான் அதிகமாம். பத்திரத்தையும் அவர் காட்டினார். மேலே இருக்கும் மண்தான் நமக்கு, அடியில் உள்ள கரியின் உரிமை என்றைக்கோ வேறு யாருக்கோ போயிருக்கலாம் என்று அதில் ஒரு எச்சரிக்கைப் பத்தி. பட்டா, வில்லங்கம் எல்லாம் பார்த்துப் பழகிய நமக்கே இது புது வில்லங்கம்.

இரவு கோயிலில் புளியோதரை. 1970-களில் பென் ஹில்ஸ் மேட்டில் கட்டிய கோயில், அமெரிக்காவில் நம் ஆட்கள் எங்கிருந்தெல்லாமோ வண்டி ஓட்டிக்கொண்டு வருகிற இடம். அந்தப் புளியோதரையைப் பற்றித் தனியாகவே எழுத வேண்டும், இங்கே வேண்டாம்.

ஞாயிறு காலை மொனாங்கஹேலா ஆற்றோரமாகத் தெற்கே போனோம். வழியில் பிராடக். 1875-ல் எஃகு முதலாளி கார்னகி ஆரம்பித்த எட்கர் தாம்சன் எஃகு ஆலை இன்னும் புகைவிட்டுக்கொண்டிருக்கிறது, சுற்றியிருந்த ஊர்தான் கரைந்துவிட்டது. ஒருகாலத்தில் இருபதாயிரம் பேர், இப்போது இரண்டாயிரம் கூட இல்லை. காரை நிறுத்தவில்லை.

டொனோராவில் நிறுத்தினோம். 1948 அக்டோபரில் துத்தநாக ஆலைப் புகையும் பனியும் பள்ளத்தாக்கில் நாள்கணக்கில் தங்கி 20 பேரைக் கொன்ற ஊர், அமெரிக்காவில் சுத்தமான காற்றுக்குச் சட்டம் வேண்டும் என்ற பேச்சுக்கு வலு சேர்த்த சம்பவம். ஆனால் நான் போனது சிமென்ட் சிட்டிக்காக. மரச்சட்டம் அடித்து வீடு கட்டுகிற இந்த நாட்டில், 1916-17-ல் ஆலைக் கம்பெனி தன் ஆட்களுக்காக அச்சில் கான்கிரீட்டை ஊற்றிக் கட்டிய வீடுகள் அங்கே வரிசையாக நிற்கின்றன. ஜான்ஸ்டவுன் வீட்டுப் படத்தை முந்தின நாள் அனுப்பியதற்கு அம்மா போனில், "ஏண்டா, மரவீடா? கரையான் அரிச்சுடாதா?" என்று கேட்டிருந்தார். இதை வீடியோவில் காட்டியதும், "இது வீடு" என்றார். சுவரில் ஆணி அடிக்க முடியாது என்பதைத் தவிர அந்த வீடுகளைப் பற்றி எனக்குக் குறையே தோன்றவில்லை. அன்றைக்கு அங்கே எதுவும் விற்பனைக்கு இல்லை.

காரில் கணக்குப் போட்டோம். நியூ ஜெர்சியில் இல்லாத ஒன்று இங்கே உண்டு: மாநில வருமான வரி 3.07 சதவீதம் போக, உள்ளூரும் பள்ளி மாவட்டமும் சேர்ந்து சம்பளத்தில் தனியாகப் பிடிப்பார்கள், அநேக இடங்களில் ஒரு சதவீதம். சொத்து வரியும் கவுண்டிக்கு (நம்மூர் மாவட்டம் மாதிரி), ஊருக்கு, பள்ளிக்கு என்று மூன்று பங்கு. 67,000 பேருக்குப் போட்ட சாலையையும் குழாயையும் 18,000 பேர் கட்டிக் காப்பாற்ற வேண்டியிருக்கிறது, வாங்கினால் எங்களையும் சேர்த்து 18,000 பேர். இன்னொரு வேடிக்கை, இவ்வளவு சின்னத் தொகைக்கு வீட்டுக் கடன் கிடைப்பது கஷ்டம். ஆறு லட்சத்துக்கும் அறுபதாயிரத்துக்கும் வங்கிக்குக் காகித வேலை ஏறக்குறைய ஒன்றுதான், வட்டி வருமானம் மட்டும் பத்தில் ஒரு பங்கு. அதனால் மொத்தப் பணத்தையும் கையில் வைத்திருக்கிற வெளியூர் ஆள் வந்து, சில சமயம் பார்க்காமலே, வாங்கிப் போட்டுவிடுகிறார். உள்ளூரில் வாடகைக்கு இருக்கிறவர் அப்படியே வாடகைக்கு இருக்கிறார்.

திரும்பும் வழியில் ஜான்ஸ்டவுன் வீட்டை மறுபடி ஒருமுறை பார்க்கலாம் என்று சொன்னது என் மனைவிதான். அவள் போர்ச் படியில் உட்கார்ந்து பார்த்தாள். எதிரே மலை, தெருவில் சத்தமே இல்லை. பக்கத்து வீட்டுப் போர்ச்சில் எழுபது வயது இருக்கும் ஒரு பெரியவர், நாங்கள் வந்ததிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தவர், கையை ஆட்டினார். எங்கிருந்து வருகிறீர்கள் என்றார், சொன்னோம். தலையாட்டிவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருந்தார். அப்புறம், "குடியிருக்க வாங்குகிறீர்களா, வாடகைக்கு விடவா?" என்று கேட்டார்.

எடிசனிலிருந்து கிளம்பும்போது என் மனதில் இருந்த கணக்கு, மாதம் வாடகை இவ்வளவு வரும், ஒன்பது வருடத்தில் போட்ட பணம் கைக்கு வந்துவிடும் என்பது. நான் தொண்டையைச் செருமுவதற்குள் என் மனைவி, "இன்னும் முடிவு பண்ணலை" என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு, அந்த மேப்பிள் மரத்து இலையெல்லாம் யார் கூட்டுகிறார்கள் என்று அவரிடம் கேட்டாள். "நான்தான்" என்றார் அவர்.