கோத்தகிரிக்கு விமானத்தில்தான் போவேன்

மலையகத் தமிழரில் பலரை இந்தியாவுக்கு அனுப்பிய 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தால் பெரியம்மா குடும்பம் தலைமன்னாரில் கப்பல் ஏறியது. இப்போது நீலகிரியில், கோத்தகிரிப் பக்கம் இருக்கிறார்கள். அம்மாவை அவரிடம் அழைத்துப் போகும்போது விமானத்தைத்தான் நம்புகிறேன்.

ஹட்டனில் இருந்து கட்டுநாயக்க விமான நிலையம் போவதற்கே அரை நாள் வேண்டும். கினிகத்தேனை இறக்கத்தில் அம்மாவுக்குத் தலை சுற்றத் தொடங்கும். எலுமிச்சம்பழத்தை முகர்ந்தபடி கண்ணை மூடிவிடுவார். கித்துல்கல தாண்டி அவிசாவளை வந்தால்தான் பேச்சு வரும். அந்தப் பாதைக்கு வேறு வழியில்லை, சரி. சென்னைக்குப் பறப்பது ஒன்றேகால் மணி நேரம்தான்.

அப்புறம்தான் சிக்கல். "ராத்திரி பஸ்ஸில் ஏறிவிடுங்க, காலையில் மலையடிவாரத்து மேட்டுப்பாளையம்" என்பார் அண்ணன். சென்னையில் இருந்து கோயம்புத்தூர் சாலை வழியாக 500 கிலோமீட்டர். எழுபது வயதைக் கடந்தவர் இரவெல்லாம் காலைத் தொங்கப் போட்டு உட்கார்ந்தால் பாதம் வீங்கிவிடும். கழிப்பறைக்குப் பயந்து தண்ணீரும் குடிக்க மாட்டார். விமானம் ஒரு மணி நேரத்தில் கோயம்புத்தூரில் இறக்கிவிடுகிறது. டிக்கெட் விலை கூடத்தான். அந்தப் பணத்துக்கு அம்மா தெம்பாகப் போய், அன்று மாலையே அக்காவோடு பேசுகிறார். எனக்கு அதுதான் முக்கியம்.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். இந்திய உள்நாட்டு விமானத்தில் கொடுத்து அனுப்பும் பொதி பெரும்பாலும் 15 கிலோதான். பெரியம்மா கேட்ட மாசிக் கருவாட்டை முதலில் நிறுத்து வைத்துவிட்டு, மிச்சத்துக்கு உடுப்பு அடுக்குங்கள்.