எக்கோ ரேடியோ: பேட்டரியை ஒழிக்கப் பிறந்த கம்பெனி

1920களில் இங்கிலாந்தில் வால்வு (டிரான்சிஸ்டருக்கு முந்தைய கண்ணாடிக் குழாய்) ரேடியோ வைத்திருந்த வீட்டில் பேட்டரியே மூன்று வகை இருக்கும். வால்வின் இழையைச் சூடாக்க 2 வோல்ட் அக்குமுலேட்டர் (அமில பேட்டரி), எலக்ட்ரான்களை இழுக்கும் ஆனோடு தகட்டுக்கு 120 வோல்ட் வரை தரும் எச்.டி. (உயர் வோல்டேஜ்) பேட்டரி, அந்த ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் கிரிட் வலைக்குத் தனியாக ஒரு 9 வோல்ட். அக்குமுலேட்டரைச் சார்ஜ் செய்ய அமிலம் சிந்தாமல் கடைக்குத் தூக்கிப் போக வேண்டும். எச்.டி. பேட்டரி என்பது ஒன்றரை வோல்ட் செல்கள் 80 தொடராக அடுக்கிய பெட்டி. அதில் ஒரு செல் கெட்டாலே கரகரப்பு வரும். தீர்ந்தால் சார்ஜும் செய்ய முடியாது.

இங்கிலாந்தின் கடலோர ஊரான சவுத்எண்டில் ரேடியோ செய்து விற்றுக்கொண்டிருந்த எரிக் கிர்க்காம் கோல் கைவைத்தது இந்த இடத்தில்தான். வில்லியம் வெரல்ஸ் என்பவருடன் சேர்ந்து, வீட்டு மின்சாரத்திலிருந்தே எச்.டி. எடுக்கும் ‘பேட்டரி எலிமினேட்டர்’ செய்தார். 1926இல் இ.கே. கோல் லிமிடெட் உருவானது. அந்தப் பெயரின் E, K, Co மூன்றையும் சேர்த்தால் எக்கோ.

எலிமினேட்டருக்குள் பெரிதாக ஒன்றுமில்லை. ஏசி என்றால் டிரான்ஸ்பார்மர், ஏசியை டிசி ஆக்கும் ரெக்டிஃபையர், அலைவை மட்டுப்படுத்தும் சோக் சுருள், சில மைக்ரோஃபாரட் கண்டன்சர்கள் (கெபாசிட்டர்கள்). டிசி சப்ளை உள்ள ஊருக்கு முதல் இரண்டும் வேண்டாம். சிக்கலெல்லாம் அதை ரேடியோவில் மாட்டிய பிறகுதான். புது பேட்டரியின் உள்மின்தடை குறைவு. எலிமினேட்டரில் அது பல ஆயிரம் ஓம். கடைசி (அவுட்புட்) வால்வு கரண்ட் இழுக்கும்போதெல்லாம், சிக்னலிலிருந்து ஒலியைப் பிரிக்கும் டிடெக்டர் வால்வுக்குப் போகும் வோல்டேஜும் சேர்ந்து ஆடும். அந்த ஆட்டம் மறுபடி பெருகி, ஸ்பீக்கரில் படகு மோட்டார் போல ‘டப் டப் டப்’ என்று அடிக்கும். டிடெக்டரின் ஆனோடு லைனில் 25,000 ஓம் ரெசிஸ்டர் ஒன்றைத் தொடராகப் போட்டு, அதன் டிடெக்டர் பக்க முனையிலிருந்து எர்த்துக்கு 2 மைக்ரோஃபாரட் வைத்தால் அடங்கிவிடும். டிசி ஊர்களில் இன்னொரு ஆபத்து: சப்ளையின் பாசிட்டிவ் பக்கம் எர்த் ஆகியிருந்தால், ரேடியோவின் எர்த் ஒயரை நேராக மாட்டியதும் மெயின்ஸே ஷார்ட் ஆகும். அதனால் எர்த் ஒயரிலும் ஒரு கண்டன்சர் கட்டாயம்.

ஏசியிலேயே இழை சூடாகும் வால்வுகள் வந்ததும் எலிமினேட்டரின் காலம் முடிந்தது. அதை நம்பியே இருந்திருந்தால் எக்கோவும் முடிந்திருக்கும். கம்பெனி முழு மெயின்ஸ் ரேடியோவுக்கு மாறியது. 1930இல் சவுத்எண்டில் பிரயரி கிரெசன்ட் தொழிற்சாலை திறந்தது. பேக்கலைட் (ஆரம்பகால பிளாஸ்டிக்) பெட்டிகள் முதலில் ஜெர்மனியின் ஏஇஜி கம்பெனியிடமிருந்து வந்தன. இறக்குமதி வரி விதிக்கப்பட்டதும் எக்கோ தானே பெட்டி வார்க்கும் பிரஸ் போட்டது. எஃகு அச்சு வெட்டும் செலவு மிக அதிகம் என்பதால் ஒரே பெட்டி ஆயிரக்கணக்கில் விற்றாக வேண்டும். அதனால்தான் வடிவத்துக்குக் கட்டடக் கலைஞர்களிடம் போனார்கள். அவர்களில் ஒருவரான வெல்ஸ் கோட்ஸ் வரைந்த ஏடி65 மாடல் ரேடியோ, 1934இல் வந்தது. மரப்பெட்டியைப் போலப் பாவனை செய்யாத முழு வட்டம். நடுவில் ஸ்பீக்கர், அதன் மேல் விளிம்போடு வளையும் டயல். பேக்கலைட்டுக்கென்றே யோசித்த பெட்டி என்றால் இதைத்தான் சொல்வேன்.

இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் இங்கிலாந்தின் மாம்ஸ்பரி ஊரில் ரேடார் செய்தார்கள். 1960இல் பை (Pye) என்ற இன்னொரு ரேடியோ கம்பெனியுடன் இணைந்தார்கள்.

அந்தக் காலத்து செட் கைக்கு வந்தால் உடனே பிளக்கில் சொருகாதீர்கள். டிடெக்டர் ஆனோடிலிருந்து அவுட்புட் வால்வின் கிரிடுக்குப் போகும் மெழுகுக் காகிதக் கண்டன்சரை (பெரும்பாலும் 0.01 மைக்ரோஃபாரட்) முதலில் கழற்றி, 630 வோல்ட் பாலியெஸ்டர் போடுங்கள். பழையது சிறிது கசிந்தாலும் கிரிட் பாசிட்டிவ் ஆகும், வால்வு அளவுக்கு மீறிக் கரண்ட் இழுக்கும், அவுட்புட் டிரான்ஸ்பார்மர் கருகும். பெட்டியில் உப்புத்தாள் படவே கூடாது. மேல்தோலில்தான் பிசின் அதிகம். அது போனால் உள்ளிருக்கும் மரத்தூள் வெளியே தெரியும், எவ்வளவு மெருகு போட்டாலும் பழைய பளபளப்பு வராது. ஏசி/டிசி இரண்டிலும் ஓடும் செட் என்றால் சேசிஸிலேயே (உள்ளிருக்கும் உலோகச் சட்டம்) மெயின்ஸ் இருக்கலாம், தொட்டால் ஷாக் அடிக்கும். குமிழ்களின் சிறு ஸ்க்ரூ இருக்கும் குழியை மெழுகால் அடைத்த பிறகே ஆன் செய்யுங்கள்.