23 தோல்விகளுக்கு இருபுறமும்

2005ஆம் ஆண்டு பிலடெல்பியாவில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில், ஒப்பந்தப்புள்ளிகள் தயாரிக்கும் குழுவில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த ஆண்டின் முதல் ஏழு மாதங்களில் நாங்கள் அனுப்பிய ஐந்து ஒப்பந்தப்புள்ளிகளும் வரிசையாகக் கைவிட்டுப் போயின. ஆறாவதற்கான வேலையைத் தொடங்கவே எனக்கு மனம் வரவில்லை. பக்கத்து மேசையில் இருந்த மூத்த ஊழியர் ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. தாம் பத்து வயதுச் சிறுவனாக இருந்தபோது, 1961இல், தம் ஊரின் பேஸ்பால் அணியான பில்லீஸ் தோற்ற கதையை மதிய உணவு வேளைகளில் கொஞ்சம் கொஞ்சமாகச் சொல்லத் தொடங்கினார்.

அந்த ஆண்டு பில்லீஸ் 47 ஆட்டங்களில் வென்று 107இல் தோற்றது. அமெரிக்காவின் இரண்டு முதல்தர பேஸ்பால் தொடர்களில் ஒன்றான, அப்போது எட்டு அணிகள் கொண்ட நேஷனல் லீகில் கடைசி இடம். முதலிடம் பெற்ற சின்சினாட்டி அணியைவிட 46 வெற்றிகள் குறைவு. ஜூலை 29 முதல் ஆகஸ்ட் 20 வரை, இடையில் ஒரு வெற்றிகூட இல்லாமல், 23 ஆட்டங்களில் தோற்றது. கிரிக்கெட் பார்த்து வளர்ந்த எனக்கு இதன் கனம் உடனே புரியவில்லை. டெஸ்ட் போட்டியில் தோற்றவர்களுக்கு மனம் ஆறச் சில நாள்களாவது கிடைக்கும். பேஸ்பாலில் ஏறக்குறைய நாள்தோறும் ஆட்டம் உண்டு. சில நாள்களில் இரண்டுகூட உண்டு. நேற்றுத் தோற்றவர் இன்று அதே சீருடையை அணிந்து, அதே பயிற்சியைச் செய்து, அதே ஊர்க்காரர்கள் முன்னால் மறுபடி நிற்க வேண்டும். எந்த அலுவலகத்திலும் அவ்வளவு பகிரங்கமாக யாரும் தோற்பதில்லை.

அவர்கள் திறமையற்றவர்களாக இருந்தார்கள் என்று சொல்லிவிடவும் முடியாது. பந்து வீச்சாளர் ஆர்ட் மஹாபி அந்த ஆண்டு ஏப்ரலில் ஒரே ஆட்டத்தில் சிகாகோ அணியின் மட்டையாளர்களை 17 முறை ஸ்ட்ரைக் அவுட் செய்தவர், அதாவது மூன்று ஸ்ட்ரைக்குகளில் வெளியேற்றியவர். பேஸ்பாலில் ஒவ்வோர் ஆட்டத்தின் வெற்றியும் தோல்வியும் ஒரு பந்து வீச்சாளரின் கணக்கில் எழுதப்படும்; ஆண்டு முடிவில் அவர் கணக்கில் 19 தோல்விகள் இருந்தன. 1950 முதல் 1955 வரை ஆண்டுதோறும் 20 வெற்றிகளுக்குக் குறையாமல் ஈட்டிய இன்னொரு பந்து வீச்சாளர் ராபின் ராபர்ட்ஸ், 1961இல் 1 வெற்றி, 10 தோல்வி என்று முடித்தார். அவருடைய எண்களைத்தான் நான் அதிக நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த அணியில் அவருடைய காலம் அதோடு முடிந்தது. ஆனால் வேறு அணியில் மீண்டும் வென்றார். 1976இல் பேஸ்பாலின் புகழ் மண்டபத்தில் இடமும் பெற்றார்.

அணியின் மேலாளர் ஜீன் மாக்குக்கு அப்போது 35 வயது. முந்தைய மேலாளர் 1960 பருவத்தின் முதல் ஆட்டம் முடிந்ததுமே விலகிவிட்டதால் அந்தப் பொறுப்பு அவருக்கு வந்தது. 107 தோல்விகளுக்குப் பிறகும் நிர்வாகம் அவரை மாற்றவில்லை. மறு ஆண்டு அணி 81 ஆட்டங்களில் வென்று 80இல் தோற்றது. அந்த நிதானத்தை நான் பெரிதாக மதிக்கிறேன்.

என்னை மிகவும் தொட்டது ஜான் பஸ்ஹார்ட் என்ற பந்து வீச்சாளரின் கதை. தோல்வி வரிசைக்கு முந்தைய கடைசி வெற்றி, ஜூலை 28 அன்று, அவருடையது. பிறகு அவருடைய முறை வந்த நாள்களிலும் அணி தோற்றது. ஆகஸ்ட் 20 அன்று மில்வாக்கியில் இரண்டு ஆட்டங்கள். முதல் ஆட்டம் 23ஆவது தோல்வியாயிற்று. இரண்டாவதில் பஸ்ஹார்ட் பந்து வீச, பில்லீஸ் 7-4 என்று வென்றது. அந்த ஆண்டு முழுவதிலும் அவர் கணக்கில் 6 வெற்றிகள், 18 தோல்விகள்.

அணி ஊர் திரும்பியபோது விமான நிலையத்தில் ரசிகர்கள் கூடி வரவேற்றார்கள். சிறுவனாக இருந்த என் சக ஊழியரையும் அவருடைய தந்தை அழைத்துச் சென்றிருக்கிறார். கடைசி இடத்தில் இருக்கும் அணியை எதற்கு வரவேற்கப் போகிறோம் என்று கேட்டதற்கு, "நாளைக்கும் அவர்கள்தான் நமக்காக ஆடப் போகிறார்கள்" என்றாராம் தந்தை.

ஆறாவது ஒப்பந்தப்புள்ளியும் எங்களுக்குக் கிடைக்கவில்லை. ஆனால் பழைய ஐந்தையும் எடுத்து வரி வரியாகப் பார்த்தபோது, பராமரிப்புச் செலவை நாங்கள் ஒவ்வொரு முறையும் இரண்டு இடங்களில் சேர்த்து வந்திருப்பதை, ஆறாவதை அனுப்பிய மறுநாள், அந்த மூத்தவர்தான் கண்டுபிடித்தார். அன்று பிற்பகலே இருவரும் உட்கார்ந்து ஏழாவதற்கான விலைப் பட்டியலைத் தொடங்கினோம்.