பிரெட் அண்ட் பட்டர் பிக்கிள்: இனிப்பும் புளிப்புமாய் வெள்ளரி

வெள்ளரியை நறுக்கி நேராக வினிகரில் போட்டால் நாலாம் நாள் கொழகொழத்த துண்டுகளும் நீர்த்துப்போன சாறும்தான் மிஞ்சும். இந்த ஊறுகாயின் மொறுமொறுப்பு, வினிகர் பாட்டிலைத் திறப்பதற்கு முன்பே தீர்மானமாகிவிடுகிறது.

அமெரிக்க வீடுகளில் இதற்கு 'பிரெட் அண்ட் பட்டர் பிக்கிள்' என்று பெயர். இல்லினாய் மாநிலத்தில் வெள்ளரி பயிரிட்ட ஓமர், கோரா ஃபேனிங் தம்பதியர் 1923இல் இந்தப் பெயருக்கு வணிகச் சின்னம் கேட்டு விண்ணப்பித்தார்கள். ஊறுகாயைக் கொடுத்து மளிகைக்கடையில் ரொட்டியும் வெண்ணெயும் வாங்கினார்கள், பெயர் அப்படி வந்தது என்று சொல்வார்கள்.

ஒரு கிலோ வெள்ளரிக்கு: வெங்காயம் 300 கிராம், கல்லுப்பு 50 கிராம், வினிகர் 400 மில்லி, சர்க்கரை 300 கிராம், கடுகு 2 டீஸ்பூன், செலரி விதை ஒன்றரை டீஸ்பூன், மஞ்சள்தூள் 1 டீஸ்பூன். செலரி விதை கிடைக்காவிட்டால் விட்டுவிடுங்கள். பார்க்க ஒன்றுபோல இருக்கிறதே என்று ஓமம் போட்டால் அந்த வாசனைதான் மேலே நிற்கும். தூள் உப்பும் வேண்டாம். கட்டிதட்டாமல் இருக்க அதில் சேர்க்கும் பொருள் சாற்றைக் கலங்கவைக்கும்.

விதை முற்றாத, கையில் கெட்டியாக இருக்கும் பிஞ்சாகப் பாருங்கள். பறித்த அன்றே போட்டால் உத்தமம். மெழுகு பூசிய வெள்ளரிக்குள் சாறு இறங்காது. காம்புப் பக்கம் ஒரு துண்டைக் கடித்துப் பார்த்துக் கசந்தால் அந்தக் காயை ஒதுக்கிவிடுங்கள், எவ்வளவு சர்க்கரையும் அதை மறைக்காது. பூ இருந்த நுனியில் 2 மில்லிமீட்டராவது வெட்டி எறிய வேண்டும். காயை மென்மையாக்கும் நொதிகள் அங்கேதான் அதிகம். பலரும் இதைத் தாண்டிப்போய்விட்டு வினிகரைக் குறை சொல்கிறார்கள்.

அரை சென்டிமீட்டர் கனத்தில் வட்டமாக நறுக்கி, வெங்காயத்தோடு உப்பில் பிசறி, மேலே ஐஸ் கட்டிகளைக் கொட்டி 3 மணி நேரம் ஃபிரிட்ஜில் வையுங்கள். உப்பு காயின் நீரை இழுத்து வெளியேற்றும், குளிர்ச்சி காயைத் தளரவிடாது. ஊறிய துண்டு உடையாமல் வளைந்தால் பதம் சரி. நீரை இறுத்து, ஒரு தடவை மட்டும் அலசி, நன்றாக வடிய விடுங்கள். இங்கே அவசரப்பட்டால் மிஞ்சிய நீர் வினிகரை நீர்க்கச் செய்துவிடும்.

எவர்சில்வர் பாத்திரத்தில் வினிகர், சர்க்கரை, மசாலா எல்லாம் சேர்த்து 10 நிமிடம் கொதிக்கட்டும். அலுமினியம், பித்தளை, இரும்பு கூடாது, அமிலம் அரிக்கும். காயைப் போட்டுக் கிளறி, மறுபடி கொதி கிளம்பும்போதே அடுப்பை அணைத்துவிடுங்கள். பச்சை நிறம் மங்கத் தொடங்குவதுதான் அடையாளம். கூட ஐந்து நிமிடம் கொதித்தாலும் அது வெந்த காய்தான். கொதிநீரில் போட்டெடுத்த கண்ணாடி பாட்டிலில் நிரப்பி, துண்டுகள் முழுகச் சாறு ஊற்றுங்கள்.

வினிகரில் மட்டும் கைவைக்காதீர்கள். நம் கடைகளில் கிடைப்பது பெரும்பாலும் 4 சதவீத அமிலம், இந்த அளவுகள் 5 சதவீதத்துக்கானவை. எந்த வினிகரில் போட்டாலும் ஃபிரிட்ஜில் மட்டுமே வைக்க வேண்டும். தண்ணீர் கலக்கவே கூடாது. புளிப்பு தூக்கலாகத் தெரிந்தால் சர்க்கரையை 30 கிராம் கூட்டுங்கள், வினிகரைக் குறைக்காதீர்கள். மொறுமொறுப்புக்காகச் சுண்ணாம்புத் தண்ணீரில் ஊறவைக்கும் பழைய வழியும் உண்டு. சரியாக அலசாவிட்டால் சுண்ணாம்பு அமிலத்தை முறித்து ஊறுகாயையே ஆபத்தாக்கும் என்பதால் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். உப்பும் ஐஸும் போதும்.

பூண்டு சேர்த்து அது நீலமாகிப்போனால் பயப்பட வேண்டாம், அமிலம் செய்கிற வேலைதான். ஆனால் மூடியைத் திறந்ததும் நுரை பொங்கினாலோ துண்டுகள் வழவழத்தாலோ ருசிகூடப் பார்க்காமல் கொட்டிவிடுங்கள்.

இரண்டு நாள் ஊறிய பிறகு திறக்கலாம். ஒரு வாரம் பொறுத்தால் இனிப்பு காயின் நடுப்பகுதிவரை இறங்கியிருக்கும். ஈரமில்லாத கரண்டி போட்டால் ஃபிரிட்ஜில் ஒரு மாதம் நன்றாகவே இருக்கும்.