செவ்வாய், வியாழன், சனி

ஜூன் 24, 2025, செவ்வாய்

இன்றைக்கு டயாலிசிஸ் மெஷினில் போட்டு அரை மணி நேரம் ஆகியிருக்கும், சின்ன வயதுப் பெண் ஒருவர் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு என் பெட் பக்கத்தில் உட்கார்ந்தார். யூனிட்டுக்குப் புதிதாக வந்திருக்கும் கவுன்சிலராம், இனி செவ்வாய்தோறும் வருவாராம். கையில் ஒரு தாள், அதில் ஒன்பது கேள்விகள். கடந்த இரண்டு வாரத்தில் தூக்கம் கெட்டதா, களைப்பாக இருக்கிறதா, பசி குறைந்ததா, கவனம் சிதறுகிறதா. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மேடம், இதெல்லாம் இல்லாத ஆள் இந்த ஹாலில் யாரு, இதெல்லாம் இல்லையென்றால் நான் ஏன் விடியற்காலையில் தண்டையார்பேட்டையிலிருந்து ஷேர் ஆட்டோ பிடித்து ராயபுரம் வந்து படுத்துக் கிடக்கிறேன் என்றேன்.

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. இந்தத் தாளில் உள்ள சிக்கலே அதுதான் என்றார். பிஎச்கியூ-9 என்று பெயர், மொத்தம் 27 மார்க், 10 அல்லது அதற்கு மேல் போனால் மனச்சோர்வாக இருக்கலாம் என்று மேற்கொண்டு விசாரிப்பார்கள். ஆனால் கிட்னி போனவனுக்குக் களைப்பும் தூக்கமின்மையும் நோயாலேயே வரும், மார்க் சும்மாவே ஏறும். அதனால்தான் 1983-ல் இங்கிலாந்தில் இரண்டு டாக்டர்கள் உடம்பைப் பற்றிய கேள்விகளை ஒதுக்கிவிட்டு ஆஸ்பத்திரி நோயாளிகளுக்கென்றே தனியாக ஒரு கேள்வித்தாள் செய்தார்களாம். அதையும் கொண்டுவந்திருந்தார். முன்பு ரசித்ததை இப்போதும் ரசிக்கிறீர்களா என்று அதில் ஒரு கேள்வி. சிரிப்பு அங்கே நின்றது.

முதல் தாளின் கடைசிக் கேள்வி, செத்துப்போனால் தேவலை என்று தோன்றியதுண்டா என்பது. 'சில நாட்கள்' கட்டத்தில் டிக் போட்டேன். அவர் முகத்தை மாற்றிக்கொள்ளவும் இல்லை, சுற்றி வளைக்கவும் இல்லை. எப்போது தோன்றும், ஏதாவது செய்துகொள்ள யோசித்ததுண்டா, மெஷினுக்கு வராமல் இருந்துவிடலாம் என்று நினைத்ததுண்டா என்று நேராகவே கேட்டார். கடைசியாகக் கேட்டதற்கு மட்டும் ஆமாம் என்றேன். வீட்டில் சொல்லாததை, ரத்தம் குழாயில் சுற்றிக்கொண்டிருக்கும்போது, முன்பின் தெரியாத ஒருவரிடம் சொல்லிவிட்டேன். இதை டாக்டரிடம் சொல்லியாக வேண்டும் என்று என்னிடம் சொல்லிவிட்டுத்தான் போனார். ராத்திரியில் அப்படித் தோன்றினால் 14416-க்குப் போன் போடச் சொன்னார். டெலி மானஸ் என்ற மனநல உதவி எண், 2022 அக்டோபரில் ஒன்றிய அரசு ஆரம்பித்தது, எந்நேரமும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம். எண்ணைப் போனில் ஏற்றிக்கொண்டேன். வீட்டில் யாராவது பார்த்துத் தொலைக்கப்போகிறார்கள் என்று 'மானஸ் டெக்ஸ்டைல்ஸ்' என்று பெயர் போட்டிருக்கிறேன். எம்.சி. ரோடு துணிக்கடையில் பில் எழுதுகிறவனுக்கு இது ஒரு சௌகரியம்.

ஜூன் 28, சனி

ஏழாம் நம்பர் பெட் அண்ணன் வரவில்லை. பெட்ஷீட் மாற்றி, மதிய ஷிப்டில் வரும் ஒருவரை அங்கே போட்டிருந்தார்கள்.

காசிமேட்டில் மீன் ஏலம் விட்டவர் அவர். உள்ளே நுழையும்போதே "இன்னா நைனா, எத்தினி கிலோ ஏத்திகினு வந்துகீற?" என்று ஹால் முழுக்கக் கேட்கும். இரண்டு மெஷினுக்கு நடுவில் உடம்பில் சேரும் தண்ணீர்க் கணக்கைத்தான் அப்படிக் கேட்பார். சிஸ்டரிடம் கேட்டால் "அவர் வரலை" என்று சொல்லிவிட்டு பி.பி. பட்டையைச் சுற்றப் போய்விட்டார். டெக்னீஷியன் என் கையிலுள்ள பிஸ்டுலாவையே, அதாவது டயாலிசிஸ் ஊசிக்காக ஆபரேஷன் செய்து வைத்த ரத்தக்குழாயையே, பார்த்துக்கொண்டு ஊசி குத்தினான். வாசலில் உட்கார்ந்திருந்த யாரோ ஒரு அட்டெண்டர்தான் வெளியே வரும்போது சொன்னார், வியாழன் ராத்திரி முடிந்துவிட்டதாம். வியாழன் காலையில் எனக்குப் பக்கத்தில்தான் படுத்திருந்தார்.

எங்கள் ஹாலில் இதுதான் வழக்கம். ஒருத்தர் போனால் சொல்ல மாட்டார்கள், நாங்களும் கேட்க மாட்டோம். மற்றவர்கள் பயந்துவிடுவார்களாம். நாலு மணி நேரம் அந்த ஏழாம் நம்பரைப் பார்க்காமல் சீலிங்கைப் பார்த்துக்கொண்டிருப்பதற்கு என்ன பெயர் என்று தெரியவில்லை.

ஜூலை 1, செவ்வாய்

மேடத்திடம் அதைத்தான் பேசினேன். தைரியமாக இருங்கள் என்று சொல்வார் என்று எதிர்பார்த்தேன், ஏனென்றால் எல்லோரும் அதைத்தான் சொல்கிறார்கள், அத்தை மாமாவிலிருந்து கேஸ் சிலிண்டர் போடுகிறவர் வரை. மேடம் கேட்டது, அண்ணன் எப்படிப் பேசுவார் என்று. ஏலம் விடுவதுபோல் செய்து காட்டினேன், கொஞ்சம் சத்தமாகவே. ஐந்தாம் நம்பர் ஆயா சிரித்தார். அப்புறம் அழுதார். நான் டயாலிசிஸுக்கு வந்த முதல் நாள் வாந்தி எடுத்தபோது அவன்தான் சிஸ்டரைக் கூப்பிட்டான் என்று ஆயா சொல்ல, எட்டாம் நம்பர்க்காரர், எங்களோடு ஒரு வார்த்தை பேசாத மனிதர், ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக்கு சங்கரா மீன் கொடுத்தனுப்புவார் என்றார். பதினைந்து நிமிஷம் இருக்கும். யாருக்கும் பி.பி. இறங்கவில்லை, யாரும் பயந்து ஓடவும் இல்லை, ஓடவும் முடியாது, ஊசி குத்தியிருக்கிறது. பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்த சிஸ்டர், வெள்ளிக்கிழமை முழுக்க தனக்கு வேலையே ஓடவில்லை என்றார். அவர்களுக்கும் சொல்ல ஆள் இல்லை.

யூனிட் இன்சார்ஜிடம் மேடம் பேசியிருக்கிறார். இனி குடும்பத்தார் சம்மதித்தால் எங்களுக்கு நேராகவே சொல்லிவிடுவதாக ஏற்பாடு.

மாத்திரையா, பேச்சா என்றும் கேட்டேன். டயாலிசிஸ்காரர்களுக்கே அமெரிக்காவில் ஓர் ஆய்வு நடந்து 2019-ல் வெளியானதாம். மெஷின் ஓடும்போதே பக்கத்தில் உட்கார்ந்து பேசும் சிகிச்சையையும் செர்ட்ராலின் என்ற மனச்சோர்வு மாத்திரையையும் ஒப்பிட்டார்கள். 12 வாரத்தில் இரண்டிலுமே சோர்வு குறைந்தது, மாத்திரையில் சற்றுக் கூடுதலாகக் குறைந்தது, பக்க விளைவும் அதில்தான் கூடுதல். டாக்டர் இப்போதைக்குப் பேச்சு, ஒரு மாதம் கழித்துப் பார்க்கலாம் என்றிருக்கிறார். இது மாமியார் காதில் விழுந்து "கீழ்ப்பாக்கத்துக்கா போற?" என்று ஆரம்பித்தார். மனநோய் ஆஸ்பத்திரியைச் சொல்கிறார். 1794-லிருந்து இந்த ஊரில் இருக்கும் ஆஸ்பத்திரி, இன்னும் வசவாகத்தான் வாயில் வருகிறது.

ஜூலை 6, ஞாயிறு

சனிக்கும் செவ்வாய்க்கும் நடுவில் உள்ள இடைவெளிதான் மோசம். மற்ற நாளில் ஒரு நாள் விட்டு ஒரு நாள், இங்கே இரண்டு நாள் முழுசாக. இதயத்துக்கு அதிக ஆபத்து இந்த இடைவெளியில்தான் என்று டாக்டரும் சொல்லியிருக்கிறார்.

எனக்கு அனுமதி நாளைக்கு ஏறக்குறைய ஒரு லிட்டர், காபி, குழம்பு, மாத்திரைத் தண்ணீர் எல்லாம் சேர்த்து. எப்போது அதிகமாகக் குடிக்கிறீர்கள் என்று மேடம் எழுதிவரச் சொன்னார், திட்டுவதற்கில்லை, பார்ப்பதற்கு. எழுதினால்தான் தெரிகிறது, வெயிலில் அலையும்போது அவ்வளவு இல்லை. முதலாளி யாரிடமாவது "பாவம், கிட்னி போச்சு" என்று என் காதுபடச் சொன்ன நாட்களில்தான் பாட்டில் காலியாகிறது. கருவாட்டுக் குழம்பு நாளிலும். அதற்கு உப்பு காரணம், உப்பு உள்ளே போனால் தாகம் வரத்தான் செய்யும், அதைச் சரிபண்ணலாம். முதலாளி வாயை என்ன செய்வது? அவரிடம் என்ன சொல்லலாம் என்று மேடத்தோடு ஒத்திகை பார்த்தேன். நான் முதலாளியாம், மேடம் நானாம். மேடம் என்னைவிட நன்றாகவே நானாக இருந்தார்.

ஜூலை 11, வெள்ளி

அண்ணனுடைய காரியத்துக்குப் போனேன், நானும் எட்டாம் நம்பரும். இதுவரை யூனிட்டில் யார் போனதற்கும் நாங்கள் போனதில்லை. நம் முறை எப்போது என்று கணக்குப் போட வைக்கும் என்ற பயம்தான். போட்டுத்தான் பார்த்தேன், அந்தக் கணக்கு வீட்டில் உட்கார்ந்திருந்தாலும் ஓடுகிறது. அவர் மகன் எங்கள் இரண்டு பேர் கையிலும் இருந்த பிளாஸ்திரியைப் பார்த்தே யாரென்று கண்டுபிடித்துவிட்டான். அப்பா உங்களைப் பத்தி வீட்ல பேசிகினே இருப்பார்ணா என்றான். எங்கள் வெயிட் எல்லாம் அந்த வீட்டுக்குத் தெரிந்திருக்கிறது.

ஜூலை 20, ஞாயிறு

ஆடி முதல் ஞாயிறு. தெருவில் அம்மன் கோயில் வாசலில் கூழ். அண்டா அண்டாவாக, வெங்காயம், கருவாட்டுக் குழம்பு, முருங்கைக்கீரை. கேழ்வரகு, கீரை, உப்பு, தண்ணீர் என்று எனக்கு ஆகாதது எல்லாம் ஒரே சொம்பில். வேண்டாம் என்றால் அம்மன் கூழை மறுக்கிறானே என்பார்கள். போன வருஷம் வீட்டைப் பூட்டிக்கொண்டு உள்ளேயே இருந்தேன். இந்த முறை வெளியே நின்று ஊற்றும் வேலையை எடுத்துக்கொண்டேன், வலது கையால்தான், பிஸ்டுலா கையில் பாரம் தூக்கக் கூடாது. ஊற்றுகிறவனைக் குடி என்று யாரும் வற்புறுத்துவதில்லை. கடைசியில் இரண்டு ஸ்பூன் வாயில் போட்டேன், டயட்டீஷியன் மேடம் இதைப் படிக்க மாட்டார்.

அங்கேயும் ஒரு பெரியவர் வாழைத்தண்டுச் சாறு குடித்தால் கிட்னி திரும்பிவிடும் என்றார். வாழைத்தண்டில் பொட்டாசியம் உண்டு, எங்களுக்கு அது ரத்தத்தில் ஏறினால் இதயம் நின்றுபோகலாம். முன்பெல்லாம் விளக்கிச் சொல்லி, சண்டையாகி, ராத்திரி முழுக்க அதையே நினைத்துக்கொண்டிருப்பேன். இப்போது "டாக்டரைக் கேட்கிறேன் பெரியப்பா" என்று ஒரே வரி. மேடத்தோடு சேர்ந்து தயார்பண்ணிய வரிதான், எல்லா வைத்தியத்துக்கும் பொருந்துகிறது.

ஜூலை 22, செவ்வாய்

ஏழாம் நம்பருக்கு நிரந்தரமாக ஆள் வந்துவிட்டது. வியாசர்பாடிப் பையன், இருபத்தி மூன்று வயசு, ஃபுட்பால் ஆடுகிறவன். இங்க முன்னாடி யார்ணா இருந்தாங்க என்று கேட்டான். அண்ணனைப் பற்றிச் சொன்னேன், இறந்துவிட்டார் என்பதையும், எத்தனை வருஷம் டயாலிசிஸோடு ஏலம் விட்டார் என்பதையும். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், சொன்னதுக்கு தேங்க்ஸ்ணா, எங்க வீட்ல எல்லாரும் சும்மா சரியாயிடும்னே சொல்றாங்க என்றான்.

மாற்றுக் கிட்னிக்குப் பதிந்திருக்கிறான், நானும் பதிந்திருக்கிறேன். தமிழ்நாட்டில் மூளைச்சாவு அடைந்தவர்களிடமிருந்து உறுப்பு பெறும் திட்டம் 2008-லிருந்து ஒழுங்காக நடக்கிறது, 2023 செப்டம்பரிலிருந்து உறுப்பு கொடுத்தவர்களுக்கு அரசு மரியாதையும் உண்டு. டிவியில் அந்த மரியாதையைக் காட்டும்போது நான் சேனலை மாற்றிவிடுவேன். யாரோ ஒரு வீட்டில் இழவு விழுந்தால்தான் எனக்கு போன் வரும், அந்த போனுக்குத்தான் தினமும் காத்திருக்கிறேன் என்பதைப் பையனிடம் சொன்னேன். அவனும் பைக் ஆக்சிடென்ட் செய்தி பார்த்தால் பிளட் குரூப் என்னவோ என்று யோசிக்கிறானாம். மேடம் ஸ்டூலோடு எங்கள் இரண்டு பெட்டுக்கும் நடுவில் வந்து உட்கார்ந்தார். நீங்கள் யாரும் சாக வேண்டும் என்று விரும்பவில்லை, பிழைக்க விரும்புகிறீர்கள், சாவு உங்களைக் கேட்டு நடப்பதில்லை என்றார். எனக்கு முழுசாகச் சமாதானம் ஆகவில்லை. ஆனால் இன்னொருத்தனுக்கும் அதே அசிங்கமான யோசனை வருகிறது என்று தெரிந்ததில் கொஞ்சம் மூச்சு விட முடிந்தது.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

கேரம் கிளப்புக்குப் போனேன். வாரத்தில் ஒரு முறையாவது பழைய விஷயம் ஒன்றைச் செய்யுங்கள், மனசு வரட்டும் என்று காத்திருக்காதீர்கள், செய்த பிறகுதான் மனசு வரும் என்பது மேடத்தின் பாடம். எங்கள் காலத்தில் கிளப் சுவரில் மரிய இருதயம் படம், உலக சாம்பியன், அர்ஜுனா விருது. இப்போது பசங்களுக்கு காசிமாதான் எல்லாம், புது வண்ணாரப்பேட்டை ஆட்டோக்காரர் மகள், 2024 நவம்பரில் அமெரிக்காவில் மூன்று தங்கம் அடித்த பொண்ணு. ஒரு பொடியன் என்னை இரண்டு போர்டு மடக்கினான். ஸ்டிரைக்கர் கையில் நிற்கவே இல்லை. கோபம் வந்தது, தோற்றதற்காக வரும் சாதாரணக் கோபம், அது வந்து எத்தனை காலம் ஆயிற்று.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

வீட்டுக்காரர்களையும் அழைத்து வரச் சொல்லியிருந்தார்கள். என் மனைவி வந்தாள். நான் மெஷினில் கிடக்க, மேடமும் அவளும் பக்கத்து ரூமில் கதவைச் சாத்திக்கொண்டு ஒரு மணி நேரம். என்ன பேசினாய் என்று கேட்டேன். உன்னைப் பத்தி இல்லை என்றாள். அதை நம்பவில்லை.

சாயங்காலம் விஷயம் வந்தது. எனக்குத் தண்ணீர் அளந்து கொடுத்து, பாட்டிலை ஒளித்துவைத்து, உருளைக்கிழங்கை ஊறவைத்து வடித்து, நான் டம்ளரைத் தொட்டால் திரும்பிப் பார்த்து அலுத்துப்போய்விட்டதாம், பொண்டாட்டியாக இருக்க முடியவில்லை, ஜெயில் வார்டனாகத்தான் இருக்கிறேன் என்றாள். இனித் தண்ணீர்க் கணக்கு என்னுடையது, அவள் பார்க்க மாட்டாள். திருவள்ளூரில் தங்கை வீட்டுக்கு நாலு நாள் போகிறாள், நான் செவ்வாய்க்கிழமைக்கு ஐந்து கிலோ ஏற்றிக்கொண்டு போய் திட்டு வாங்கினாலும் போன் பண்ணக் கூடாது. எனக்கு முதலில் சுருக்கென்றது. நம்மை விட்டுவிட்டுப் போகிறாளே என்று. அப்புறம் யோசித்தால் மூன்று வருஷமாக அவள் எங்கேயும் ஒரு ராத்திரி தங்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலை கிளம்புகிறாள். அதற்குள் ரசம் வைக்கக் கற்றுக்கொள்ள வேண்டும், ரசமும் அந்த ஒரு லிட்டரில்தான் வரும், அதை இனி யாரும் ஞாபகப்படுத்தப் போவதில்லை.