ஒரே கேள்வி, ஒரு முழுப்படம்

2012 நவம்பர் இறுதியில் 'நடுவுல கொஞ்சம் பக்கத்த காணோம்' வெளியானபோது நான் திரையரங்குப் பக்கமே போகவில்லை. தலையில் அடிபட்டு நினைவிழக்கும் நாயகனை வைத்து நம் சினிமா போதுமான அளவு அழவைத்துவிட்டது. அதையே நகைச்சுவையாக்கினால் அரைமணி நேரத்துக்கு மேல் தாங்காது என்று முடிவுகட்டியிருந்தேன். சென்ற ஞாயிறன்று தம்பி வற்புறுத்தியதால்தான் உட்கார்ந்தேன். வயிறு வலிக்கச் சிரித்த பிறகு, அந்த முடிவு எவ்வளவு தவறானது என்பதை எழுதியே ஆக வேண்டும் என்று தோன்றியது.

திருமணத்துக்கு இரண்டு நாள் இருக்கையில் கிரிக்கெட் ஆடப்போன பிரேம், கேட்ச் பிடிக்கப்போய்ப் பின்புறமாக விழுகிறான். அடிபட்டதில் அண்மைக்கால நினைவுகள் அழிந்துபோகின்றன. தான் காதலித்துக் கைப்பிடிக்கவிருக்கும் பெண்ணையே அவனுக்கு அடையாளம் தெரியவில்லை. இது இப்படத்தின் ஒளிப்பதிவாளர் சி. பிரேம்குமாரின் வாழ்வில் உண்மையாகவே நடந்தது என்பதும், அப்போது உடனிருந்த நண்பர்களில் ஒருவரான பகவதி பெருமாள் தம் பாத்திரத்தில் தாமே நடித்திருக்கிறார் என்பதும் எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

"என்னாச்சு?" என்று தொடங்கி, ஆட்டத்தில் நடந்ததைப் படிப்படியாக நினைவுகூர்ந்து, பின்மண்டையைத் தொட்டுப் பார்த்து, மறுபடியும் முதலிலிருந்து கேட்கிறான் பிரேம். விஜய் சேதுபதி ஒவ்வொரு முறையும் அதே சொற்களை, அதே வரிசையில், அதே வியப்போடு சொல்கிறார். இப்போதுதான் முதன்முறையாகக் கேட்கிறோம் என்ற நம்பிக்கை அந்த முகத்தில் சற்றும் குறைவதில்லை. மாறுவதெல்லாம் கேட்டுக்கொண்டிருக்கும் நண்பர்களின் முகங்கள்தான். பொறுமை, பயம், எரிச்சல், கடைசியில் அழுகை என்று அவை இறங்கிக்கொண்டே போவதில்தான் நகைச்சுவை பிறக்கிறது. இயக்குநர் பாலாஜி தரணீதரன் நோயாளியைக் கேலிப்பொருளாக்காமல், மண்டபம் முழுக்க உறவினர் நிறைந்திருக்க உண்மையை மறைக்கத் தவிக்கும் மூன்று பேரின் பதற்றத்தையே கதையாக்கியிருப்பது எனக்கு மிகவும் பிடித்தது.

வரவேற்புக் காட்சியை மட்டும் மறுபடி ஓடவிட்டுப் பார்த்தேன். ஒப்பனையோடு மேடையில் நிற்கும் மணப்பெண்ணைப் பார்த்து அவன் ஒவ்வொரு முறையும் திடுக்கிடுகிறான். அவன் குரல் அவள் காதில் விழுந்துவிடுமோ என்ற அச்சத்தோடு நண்பர்கள் ஒட்டிக்கொண்டு நிற்கிறார்கள். சொந்தத்தில் ஒரு கல்யாணத்துக்காவது ஓடியாடி வேலை செய்தவர்களுக்கு அந்த வியர்வை புரியும்.

படம் நீளம்தான், விபத்துக்குப் பிந்தைய சில காட்சிகளைக் குறைத்திருக்கலாம். தன் திருமணத்தைப் பற்றிய இவ்வளவு பெரிய உண்மை அந்தப் பெண்ணிடமிருந்து மறைக்கப்படுவதைப் படம் எளிதாகக் கடந்துபோவதும், மணப்பெண்ணாக நடித்த காயத்ரிக்குப் போதிய இடம் தராததும் எனக்கு உறுத்தின. ஆனாலும் இரவு படுக்கப் போகும்போது தம்பி அறை வாசலில் நின்று "என்னாச்சு?" என்று கேட்டான்; இருவரும் மறுபடி சிரிக்கத் தொடங்கினோம்.