மோட்டார் சுவிட்ச்

எங்கள் வீட்டில் தண்ணீர் மோட்டாருக்கான சுவிட்ச் கீழே என் சமையலறைச் சுவரில் இருந்தது. மாடி போர்ஷனுக்குத் தண்ணீர் ஏற வேண்டுமென்றால் நான்தான் போட்டுவிட வேண்டும். அது எவ்வளவு பெரிய அதிகாரம் என்று 2020 ஏப்ரல் வரை எனக்குத் தோன்றியதே இல்லை.

மாடியில் இருந்தவர் கட்டட வேலைக்குப் போகிறவர். மார்ச் 25 ஊரடங்கு வந்ததும் வேலை நின்றுவிட்டது. ஏப்ரல் முதல் வாரத்தில் படியிறங்கி வந்து, "அக்கா, இந்த மாசம் வாடகை..." என்றவர், அதற்கு மேல் பேசாமல் கைப்பிடியைப் பிடித்தபடி நின்றார். அந்த வாடகையில்தான் என் வீட்டுக்கடன் தவணை ஓடிக்கொண்டிருந்தது.

சொந்தக்காரர் ஒருவர் போனில் யோசனை சொன்னார். "காலி பண்ணுன்னு வாயால சொல்லாத, கேஸாயிடும். மோட்டாரைப் போடாம இரு. நாலே நாள்ல அவங்களே கிளம்பிடுவாங்க." அன்று இரவு நான் அதை யோசித்துப் பார்த்தேன் என்பது இன்றும் எனக்கு வெட்கம்.

மறுநாள் உத்தரவைத் தேடிப் படித்தேன். பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின் கீழ் மத்திய உள்துறை மார்ச் 29 அன்று போட்டது. தொழிலாளர்களிடம் ஒரு மாதத்துக்கு வாடகை கேட்கக் கூடாது. தொழிலாளர்களையும் மாணவர்களையும் வீட்டைவிட்டு வெளியேறச் சொல்லி நெருக்கினால் நடவடிக்கை. வாடகை தள்ளுபடி என்று அதில் எங்கும் இல்லை. ரிசர்வ் வங்கி எங்களுக்குக் கொடுத்த மூன்று மாதத் தவணை அவகாசமும் அப்படித்தானே? கடன் அப்படியே இருந்தது, வட்டிகூட ஓடியது. மூச்சுவிட நேரம் கிடைத்தது. எனக்குக் கிடைத்த அந்த நேரத்தை அவருக்கு மறுக்க எனக்கு என்ன நியாயம் இருக்கிறது?

தண்ணீர் விஷயத்துக்கோ கொரோனா உத்தரவே தேவையில்லை. குடியிருப்பவரின் வசதிகளில் கைவைக்கக் கூடாது என்று தமிழ்நாட்டின் 1960-ம் வருட வாடகைச் சட்டத்திலேயே இருந்தது. அதற்குப் பதிலாக 2019-ல் நடைமுறைக்கு வந்த சட்டமும் அதையே சொல்கிறது. பாக்கி இருந்தால் கேட்க வாடகை நீதிமன்றம் இருக்கிறது. தண்ணீர்க் குழாயை அடைத்து வசூலிக்க எந்தச் சட்டமும் இடம் கொடுக்கவில்லை.

பழுதுபார்ப்பும் அப்படித்தான். புதுச் சட்டத்தின் அட்டவணைப்படி குழாய் வாஷர் மாற்றுவது குடியிருப்பவர் வேலை, வயரிங் உரிமையாளர் வேலை. வாடகை வரவில்லை என்பதற்காக இந்தப் பொறுப்பு நின்றுவிடாது.

ஜூனில் மோட்டார் வயர் கருகியது. எலக்ட்ரீஷியனை வரவழைத்தேன், செலவு என்னுடையது. வயரை மாற்றும்போதே சுவிட்சையும் என் சமையலறையிலிருந்து எடுத்து, மாடிப்படிக்குக் கீழே, அவர்கள் கைக்கும் எட்டுகிற இடத்தில் வைக்கச் சொன்னேன்.